அடுத்த தலைவர்களை வளர்க்க முதலில் என்னிடம் எதைத் திருத்துவது?

கேள்விக்குறி:
எட்டுப் பேர் குழுவுக்கு நான் பொறுப்பு. ஆறு மாதத்துக்குள் அதில் இருவர் தனிக்குழு நடத்தும் அளவுக்கு வளர வேண்டும். திறமைக்குக் குறைவில்லை, ஆனால் சின்ன முடிவுக்குக்கூட "நீங்களே சொல்லிடுங்க" என்று வந்து நிற்கிறார்கள். "நீ ஒழுங்காக நட, அவர்கள் தானாக வளர்வார்கள்" என்கிறார்கள் பலரும். சரி, திங்கட்கிழமை காலையில் அதை எப்படிச் செய்வது?

ஏட்டுக்காரர்:
வாக்கில் தொடங்குங்கள். ஒரு நோட்டில் நான்கு கட்டம்: யாரிடம் சொன்னேன், என்ன சொன்னேன், எந்தத் தேதிக்குள், என்ன ஆயிற்று. இரண்டு வாரம் விடாமல் எழுதுங்கள். "பார்க்கிறேன்", "பேசிச் சொல்கிறேன்" போன்றவற்றையும் சேர்க்க வேண்டும். நமக்கு அது பேச்சை முடிக்கும் வார்த்தை. கேட்டவருக்கு அது வாக்கு. வாக்கு நாணயம் குறித்து 2002இல் எழுதிய ஆய்வாளர் டோனி சைமன்ஸும் இதைத்தான் வலியுறுத்தினார்: சொல்லும் செயலும் பொருந்துகின்றனவா என்பதில் மற்றவர் கண்ணுக்குத் தெரிவதே கணக்கு. நம் உள்நோக்கம் அங்கே எடுபடாது.

பெரும்பாலும் வாக்கு தவறுவது கெட்ட எண்ணத்தால் அல்ல, நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவதால். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979லேயே இதற்குத் 'திட்டமிடல் மயக்கம்' என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். மருந்து எளிது: இதே மாதிரி வேலை கடைசி மூன்று முறை எத்தனை நாள் எடுத்தது என்று பார்த்துத் தேதி சொல்லுங்கள். தவறப் போகிறது என்று தெரிந்த நாளிலேயே சொல்லிவிடுங்கள், கெடு முடிந்த பிறகு அல்ல. எது தள்ளிப்போகிறது, ஏன், புதுத் தேதி எது. மூன்று வாக்கியம் போதும், நீண்ட விளக்கம் சாக்காகத்தான் கேட்கும்.

நடுவரிசை:
ஏடு நல்லது. ஆனால் அதிலேயே நின்றால் ஒரு ஆபத்து உண்டு: தவறக் கூடாது என்பதற்காகவே வாக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொள்வீர்கள். கட்டம் சுத்தமாக இருக்கும், குழுவுக்குப் பயன் இருக்காது.

கேள்வியில் இருக்கும் சிக்கல் வேறு இடத்தில். "நீங்களே சொல்லிடுங்க" என்று ஒருவர் வந்தால், முன்பு அவர் எடுத்த முடிவு எங்கோ மாற்றப்பட்டிருக்கக்கூடும். முடிவு உன்னுடையது என்று சொல்லிவிட்டு, கூட்டத்தில் எல்லோர் முன்னும் திருத்துவது. பொறுப்புக் கொடுப்பவர் அதிகம் தவறுவது இங்கேதான். அதுவும் வாக்குத் தவறுதல்தான், ஆனால் யாரும் அதை ஏட்டில் எழுதுவதில்லை.

வாரந்தோறும் நீங்கள் எடுக்கும் முடிவுகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றையும் நான்கு படியில் ஒன்றில் வையுங்கள்:
1. தகவல் திரட்டு, முடிவு என்னுடையது.
2. பரிந்துரையோடு வா, சேர்ந்து முடிவெடுப்போம்.
3. முடிவெடு, செய்வதற்கு முன் சொல்.
4. முடிவெடுத்துச் செய், மாதக் கடைசியில் சொன்னால் போதும்.

எந்த முடிவு எந்தப் படி என்பதை இருவரிடமும் எழுத்தில் கொடுங்கள், செலவு வரம்போடும் கால வரம்போடும். மாதம் ஒரு முறை இரண்டு முடிவுகளையாவது ஒரு படி ஏற்றுங்கள். மூன்றாம் படியில் உள்ளதை நீங்கள் நிறுத்தலாம், திரும்பச் சரிசெய்ய முடியாத சேதம் வரும் என்றால் மட்டும். நீங்கள் வேறு மாதிரி செய்திருப்பீர்கள் என்பது காரணம் ஆகாது.

உங்களிடமே இருக்கும் முடிவுகளில், ஒதுக்கிய வழிகளையும் ஏன் ஒதுக்கினீர்கள் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். முடிவு மட்டும் தெரிந்தால் கீழ்ப்படியத்தான் கற்பார்கள்.

கேள்விக்குறி:
நான்கு படி தெளிவாக இருக்கிறது. ஒரு சந்தேகம்: என் தவறை அவர்கள் முன் ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையாதா?

ஏட்டுக்காரர்:
எப்படி ஒப்புக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "நான் எப்பவும் இப்படித்தான்" என்பது ஆறுதல் கேட்பது. "தேதியைக் கேட்காமல் ஒப்புக்கொண்டேன், இனி உங்கள் இருவரையும் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்" என்பதில் தவறும் இருக்கிறது, திருத்தமும் இருக்கிறது. அப்படிச் சொல்லுங்கள், பிறகு அதைச் செய்துகாட்டுங்கள்.

இதற்கு அமெரிக்க ராணுவம் பயன்படுத்தும் செயலுக்குப் பிந்தைய ஆய்வு பொருத்தமான வடிவம்: என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன் அந்த வித்தியாசம், அடுத்த முறை என்ன செய்வோம். அரை மணி நேரம் போதும், வேலை முடிந்த 2 நாளுக்குள் நடத்துங்கள்.

நடுவரிசை:
அதில் பேசும் வரிசையைக் கவனியுங்கள். சொந்தத் தவறைச் சொல்வதில் நீங்கள் முதல் ஆள், கருத்துச் சொல்வதில் கடைசி ஆள். இதை மாற்றிப் போட்டால் எல்லோரும் உங்கள் கருத்தைத்தான் வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வார்கள். மூன்றாவது ஆய்விலிருந்து கூட்டத்தை அந்த இருவரில் ஒருவர் நடத்தட்டும், நீங்கள் பங்கேற்பவராக மட்டும் உட்காருங்கள்.