ஜூன் 2, பகல் 12 மணி: போதெவை நான் தெரிந்துகொண்ட விதம்

வேலைக்காக பல்கேரியத் தலைநகர் சோஃபியா வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மதியம் பசிக்கு ஒரு பானித்ஸா (சீஸ் வைத்துச் சுடும் பலகாரம்) வாங்கலாம் என்று தெருவில் இறங்கி நடந்துகொண்டிருக்கிறேன், திடீரென்று ஊர் முழுக்க சைரன். எனக்குக் கை கால் ஓடவில்லை. போரா, தீ விபத்தா என்று சுற்றிப் பார்த்தால் யாரும் ஓடவில்லை, எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கார்கள் நின்றன. காய்கறிப் பையோடு ஒரு அம்மா நடைபாதை நடுவில் நிற்கிறார். நான் மட்டும்தான் நடந்துகொண்டிருந்தேன். எதிரே இருந்த ஒரு பெரியவர் கையை லேசாக உயர்த்தி 'நில்' என்பதுபோலக் காட்டினார், நானும் நின்றேன். சில நிமிடத்தில் சைரன் அடங்கியது, எல்லோரும் ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விட்டார்கள்.

ஆபீஸில் கேட்டதற்கு 'போதெவ்' என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. எனக்குத் தெரிந்த போதெவ் பிளோவ்திவ் ஊரின் கால்பந்துக் குழுதான், அதைச் சொன்னதும் சிரித்துவிட்டார்கள். இதில் வெட்கம் என்னவென்றால் நான் வாடகைக்கு இருந்த வீடே ஹிரிஸ்தோ போதெவ் சாலையில்தான். பேரைப் பார்த்துக்கொண்டே இத்தனை நாள் டிராம் ஏறியிருக்கிறேன், யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். ஒட்டோமான் (துருக்கிய) ஆட்சியை எதிர்த்துப் போராடி உயிர்விட்ட பல்கேரியக் கவிஞர், அவர் நினைவாகத்தான் ஜூன் 2இல் அந்த சைரன். 1848 ஜனவரியில் பிறந்தவர், அப்பா காலோஃபர் ஊரில் பள்ளி ஆசிரியர். படிக்க ஒடெஸா அனுப்பினார்கள், அங்கே பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். 1867இல் ஊர் திரும்பி, ஸ்லாவிய எழுத்தைத் தந்த புனிதர்கள் சிரில், மெத்தோதியஸ் திருநாளில் ஒட்டோமான் ஆட்சியையும், அதற்கு ஒத்து ஊதிய சொந்த ஊர்ப் பணக்காரர்களையும் சேர்த்துத் திட்டிப் பேசிவிட்டார். அதோடு ஊரில் இருக்க முடியாமல் ருமேனியா போனவர்தான், அங்கே வாத்தியார் வேலை, பத்திரிகை வேலை என்று எதிலும் காசு நின்றதில்லை.

எனக்குப் பிடித்த இடம் அந்தக் காற்றாலை. 1868 குளிர்காலத்தில் புக்காரெஸ்டுக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு காற்றாலையில் போதெவும், இன்னொரு விடுதலைப் போராளியான வாசில் லெவ்ஸ்கியும் தங்கியிருக்கிறார்கள். தின்ன எதுவும் இல்லை, போர்த்தத் துணி இல்லை. அந்த நிலையிலும் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் லெவ்ஸ்கியைப் பற்றித்தான் வியக்கிறார்: கல்லும் மரமும் வெடிக்கிற பனி, இரண்டு மூன்று நாள் பட்டினி, இந்த மனுஷன் பாடிக்கொண்டே இருக்கிறான் என்று. 1873இல் லெவ்ஸ்கியை இதே சோஃபியாவில் தூக்கிலிட்டார்கள். அந்தத் தூக்குமரம் பற்றி போதெவ் எழுதிய கவிதையை ஆபீஸ் தோழி ஒருவர் புத்தகம் இல்லாமல் கடகடவென்று சொன்னார், அவர் வேலை பார்ப்பது கணக்குப் பிரிவில்! இத்தனைக்கும் போதெவ் எழுதியது மொத்தமே இருபது சொச்சம் கவிதைகள்தான்.

*

நானும் சொல்கிறேன். கணவர் வேலையால் கொஸ்லொதுய் பக்கம் இருந்தோம். அந்தப் பெயரைக் கேட்டால் வெளியூர்க்காரர்களுக்கு அணுமின் நிலையம்தான் ஞாபகம் வரும். ஆனால் அங்கே தான்யூப் ஆற்றங்கரையில் 'ராதெத்ஸ்கி' கப்பல் நிற்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். அசல் கப்பல் இல்லை, பள்ளிப் பிள்ளைகள் சேர்த்த காசில் கட்டி 1966இல் திறந்தது.

கதை இதுதான். பல்கேரியர்களின் 1876 ஏப்ரல் எழுச்சியை ஒட்டோமான் படை நசுக்கிவிட்டது. அந்த நேரத்தில் போதெவ் சுமார் 200 பேரைச் சேர்த்துக்கொண்டு, தோட்டவேலைக்குப் போகிறவர்கள் மாதிரி வேஷத்தில் ருமேனியத் துறைகளில் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஆஸ்திரியக் கப்பலில் ஏறினார். பெட்டிக்குள் மண்வெட்டி இல்லை, துப்பாக்கி. நடு ஆற்றில் சீருடையை மாட்டிக்கொண்டு கப்பலைப் பிடித்தார்கள். கப்டன் எங்லெண்டருக்குப் பிரெஞ்சில் மரியாதையாக ஒரு கடிதம் வேறு! கரையில் இறங்கியதும் மண்ணில் விழுந்து முத்தமிட்டார்கள்.

எனக்கு மனசு நின்றது அவர் கப்பலிலிருந்து மனைவி வெனெத்தாவுக்கு எழுதிய கடிதத்தில். எங்கே போகிறேன் என்று சொல்லாமல் வந்ததற்கு மன்னித்துக்கொள், நான் செத்தால் தாய்நாட்டுக்கு அடுத்து உன்னைத்தான் அதிகம் நேசித்தேன் என்று தெரிந்துகொள் என்கிறார். மகள் இவான்கா பிறந்து ஒரு மாதம் சொச்சம்தான் ஆகிறது. எல்லோரும் கண்ணீர் விடுவார்கள், எனக்கு முதலில் வந்தது கோபம். சொல்லாமலா போவது? 'அடுத்து' என்ற வார்த்தையை அந்தப் பெண் எத்தனை முறை படித்திருப்பாள்?

*

வ்ராத்ஸா போன அனுபவம் என்னுடையது. கப்பலிலிருந்து இறங்கிய போதெவ் அந்த ஊர் மக்கள் கிளர்ந்தெழுவார்கள் என்றுதான் நம்பி வந்தார், ஊர் எழும்பவில்லை. மூன்று நாள் மலையில் சண்டை, கடைசியில் ஒரு குண்டு. வயது 28. இன்று ஊர் நடுவில் பெரிய சிலை.

டாக்சிக்காரரிடம் வாய் தவறி 'யார் சுட்டது' என்று கேட்டுவிட்டேன். துருக்கியர் என்றார். கொஞ்ச தூரம் போனதும், கூட இருந்தவர்களே என்று சிலர் சொல்கிறார்கள், அவர்களை நம்பாதீர்கள் என்றார். அப்புறம் அவரே, நம்பாமலும் இருக்க முடியவில்லை என்றார்! தங்கின வீட்டு அம்மாவுக்கு வேறு வழக்கு: போதெவ் இறந்தது உண்மையில் ஜூன் 1, பழைய (ஜூலியன்) நாட்காட்டித் தேதியைப் புதியதற்கு மாற்றும்போது 12 நாளுக்குப் பதில் 13 நாள் கூட்டிவிட்டார்கள், நாங்கள் ஒரு நாள் தள்ளி அழுகிறோம் என்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிதான்.

என்னைக் கேட்டால் 200 பேரோடு ஒரு பேரரசுக்குள் இறங்கியது படைக் கணக்கில் தவறுதான். இரண்டே வருடத்தில், 1878இல், ருஷ்ய-துருக்கிப் போருக்குப் பிறகு பல்கேரியாவுக்கு விடுதலை வந்துவிட்டது, இருந்திருந்தால் பார்த்திருப்பார். இதை அங்கே சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். கவிதைத் தொகுப்பில் அவரோடு சேர்ந்து எழுதிய ஸ்தம்போலவ் உயிரோடிருந்து பின்னாளில் பிரதமரே ஆனார், ஆனால் சைரன் போதெவுக்குத்தான்.

*

முதலில் எழுதியவன்தான். ஆண்டுதோறும் மே கடைசியில் கொஸ்லொதுயிலிருந்து வ்ராத்ஸா பக்கம் உள்ள ஒகொல்சித்ஸா மலை வரை, போதெவும் தோழர்களும் போன வழியிலேயே கூட்டமாக நடக்கிறார்கள். அடுத்த வருடம் போகலாம் என்று இருக்கிறேன். இங்கே யாராவது நடந்திருக்கிறீர்களா? கூடாரம் நாமே தூக்கிப் போக வேண்டுமா, இல்லை வழியில் ஏற்பாடு இருக்குமா? எனக்கு முட்டி வலி வேறு உண்டு, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.