வெறும் வயிற்றில் சர்க்கரை 98, ஏ1சி மட்டும் 6.6?

கேள்வி:
காலையில் விரலில் குத்திப் பார்த்தால் 98தான் வருகிறது, ஆனால் ஹெச்பிஏ1சி (ஏ1சி) என்ற சர்க்கரை டெஸ்டில் 6.6 என்று ரிப்போர்ட். எதை நம்புவது? டெஸ்டுக்கு முந்தைய வாரம் இனிப்பையே தொடவில்லை வேறு.

பதில் 1:
ஒரு வாரம் வாயைக் கட்டினால் ஏ1சி ஏமாறாது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையைத்தான் அளக்கிறார்கள், அதனால் இரண்டு மூன்று மாதச் சராசரி அது, சாப்பிட்டபின் ஏறுவதும் சேர்த்தி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தீர்களா?

பதில் 2:
6.5 தொட்டாலே சர்க்கரை நோய் வரம்புதான். ஆனாலும் ஒரே ரிப்போர்ட்டில் முடிவுகட்ட வேண்டாம், மறுபடி எடுக்கச் சொல்வார்கள். ரத்தசோகை உண்டா? இரும்புச்சத்து குறைந்தால் ஏ1சி கூடுதலாகக் காட்டலாம்.

கேட்டவர்:
ரத்தசோகை இல்லை. இப்போது பார்த்தேன், சாப்பிட்டபின் 214. சரி, நாளைக்கே டாக்டரிடம் போகிறேன்.