புதுப்பிப்பு: காரைக்குடி பீட்சா கடைகளில் ருசி மாறியதன் காரணம்

காரைக்குடியில் ஒரு குடும்பத்தார் தொடங்கித் தேவகோட்டை, திருப்பத்தூர் என்று கிளை பரப்பியிருக்கும் பீட்சா கடைகளில், ஒரே விலை கொடுத்தும் ருசி மாறுவது ஏன் என்று முந்தைய பதிவில் கேட்டிருந்தேன். கல்லாவில் இருந்த ஆச்சியிடமே இதைச் சொன்னபோது, சற்றும் முகம் கோணாமல் சமையலறைக்கு அழைத்துச் சென்று காட்டினார்கள்.

வேறுபாடு மாவில்தான் இருக்கிறது. காரைக்குடியில் பிசைந்த மாவை உருட்டி, மூடிய தட்டுகளில் அடுக்கி, ஃப்ரிட்ஜில் ஒரு நாள் முழுவதும் மெல்லப் புளிக்க விடுகிறார்கள். ஆச்சி விரலால் அழுத்திய குழி, மாவு பக்குவமாகப் புளித்ததற்கு அடையாளமாக, மெதுவாக மேலெழுந்து வந்தது. தேவகோட்டையிலோ மாவை வெளியிலேயே வைத்திருந்ததால், நம் ஊர் வெயிலுக்கு ஈஸ்ட் அளவுக்கு மீறிப் பொங்கி, மாவு தளர்ந்து புளிப்பேறியிருக்கிறது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து விறகு அடுப்பில், 430 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில், 60 முதல் 90 நொடிகளில் வெந்துவிடும் பீட்சா, இங்குள்ள மின் அடுப்பில் பல நிமிடம் எடுத்துக்கொள்வதால், தளர்ந்த மாவு விளிம்பில் காய்ந்து நடுவில் வேகாமல் நின்றுவிடுகிறது. கல்பாசியும் மிளகும் சேர்த்த கோழி வறுவலை நீர் சுண்டிய பிறகே மேலே பரப்ப வேண்டும் என்றும் ஆச்சி வற்புறுத்தினார்கள். அது மிகச் சரி.

இப்போது மூன்று கடைகளுக்கும் காரைக்குடியிலேயே மாவு பிசைந்து, ஐஸ் பெட்டியில் காலையில் அனுப்புகிறார்கள். தேவகோட்டையில் ருசி நன்றாகத் தேறியிருக்கிறது. திருப்பத்தூரில் அடுப்பை அடிக்கடி திறந்து சூட்டை வெளியேற்றும் பழக்கம் இன்னும் மாறவில்லை, அதையும் ஆச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.