மறு: ‘கட்டி ஊடுருவி வெள்ளணு’ வேண்டாமே

புற்றுக்கட்டிக்குள் வந்து சேரும் ஒருவகை வெள்ளணுக்களை (வெள்ளை இரத்த அணுக்களை) ஆங்கிலத்தில் tumor-infiltrating lymphocytes என்பார்கள். அதற்குத் தமிழில் ஐயா முன்வைத்த ‘கட்டி ஊடுருவி வெள்ளணு’ என்ற சொல்லுக்கு நான் தடை சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் படிக்கவேண்டும்.

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் ஆய்வக வேலை பார்ப்பவன் நான். அறிக்கை ஆங்கிலத்தில் வரும், உடன் வேலை செய்பவர்கள் மலையாளத்தில் பேசுவார்கள், விளக்கம் கேட்டு வருபவர்களில் பலர் தமிழர்கள். போன மாதம் வேலந்தாவளத்து அக்கா ஒருவர் மார்புக் கட்டி அறிக்கையை நீட்டினார். டாக்டர் சொல்லவேண்டியதை நான் சொல்லப் போனேன். புற்று ‘ஊடுருவியிருக்கிறது’, வெள்ளணுக்களும் ‘ஊடுருவியிருக்கின்றன’ என்றேன். “ரெண்டுமா?” என்று கேட்டு அழத் தொடங்கிவிட்டார். ஆங்கிலம் இரண்டுக்கும் infiltrate என்ற ஒரே வினையை ஆள்கிறது. நானும் அதன் பின்னாலேயே போயிருக்கிறேன்.

புற்று ஊடுருவுவது கேடு. நிணவணு (lymphocyte என்னும் வெள்ளணு வகை) கட்டிக்குள் வருவதோ பெரும்பாலும் நல்ல சேதி. மூன்று ஏற்பிகளும் இல்லாத (triple-negative) மார்பகப் புற்றில் இவை நிறைந்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. சாயம் ஏற்றிய ஸ்லைடில் பாருங்கள்: தாறுமாறாகப் பெருத்த புற்றணுக்களுக்கு நடுவே கடுகு சிதறியதுபோல் கருநீலப் பொட்டுகள். அவைதாம் நிணவணுக்கள். உடம்பு முழுக்க உட்கருதான், சுற்றிலும் நூலளவே கூழ் (cytoplasm). இங்கே எல்லையில் உள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடியில் ரேஷன் அரிசி கடத்துபவன் வேறு, அவனைப் பிடிக்க லாரிக்குள் ஏறும் காவலர் வேறு. இருவரையும் ஊடுருவி என்போமா? மலையாள நாளிதழ்களும் எல்லை தாண்டித் திருட்டுத்தனமாக வருபவனைத்தான் ‘நுழஞ்ஞுகயற்றக்காரன்’ என்கின்றன.

என் பரிந்துரை ‘கட்டிபுகு நிணவணு’. வினைத்தொகை என்பதால் புகுந்த, புகுகின்ற, புகும் மூன்றும் அடங்கிவிடும். அது இங்கே தேவையும்கூட. மெலனோமா என்னும் தோல் புற்றுக்கு 2024இல் அமெரிக்கா ஒப்புதல் தந்த சிகிச்சையில், கட்டிக்குள் புகுந்த அணுக்களை எடுத்து, வெளியே பெருக்கி, நோயாளிக்கே திரும்பச் செலுத்துகிறார்கள்; அவை மறுபடி புகவேண்டும். ஒற்று மிகவேண்டும் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். ‘கட்டிப்புகு’ என்றால் எதையோ கட்டிக்கொண்டு புகுவதுபோல் இருக்கிறது.

‘வெள்ளணு’ என்று பொதுவாகச் சொல்வதும் போதாது. பெருவிழுங்கிகளும் (macrophages) வெள்ளணு வழிவந்தவைதாம். அவற்றில் பல கட்டியின் பக்கம் சாய்ந்து, அதற்குப் புது இரத்தக்குழாய் வளர உதவுகின்றன. அவற்றுக்கு இதே உரையாடலில் தங்கை ஒருவர் சொன்ன ‘கட்டிசார் பெருவிழுங்கி’யையே வைத்துக்கொள்ளலாம். ‘சார்’ என்பதில் கட்சி மாறிய வாடையும் அடிக்கிறது.

‘ஊடுருவு’ புற்றுக்கே இருக்கட்டும். அந்த அக்கா அடுத்த வாரம் மறுபடி வருகிறார், அதற்குள் முடிவு சொன்னால் நல்லது.