"இது என்னதாக்கும்?" – படத்துக்கு முன்னால் நின்றவர்கள்

நாகர்கோவிலில் இதுவரை மூன்று கண்காட்சி வைத்திருக்கிறேன். மூன்றும் அரூப ஓவியங்கள், அதாவது இன்னது என்று சொல்ல உருவம் எதுவும் இல்லாதவை. மூன்றிலும் அதிகம் காதில் விழுந்தது "இது என்னதாக்கும்?" என்ற கேள்விதான். கோபமெல்லாம் வராது. "உங்களுக்கு என்ன தோணுதோ அதுதான்" என்று வழிவேன். அது பதில் இல்லை, நழுவல் என்று எனக்கே தெரியும். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓவியத்துக்கென்றே கட்டின அரங்கு எனக்கு அமைந்ததில்லை. பள்ளிக்கூட ஹால், கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு அறை, இப்படித்தான். இரண்டாவது தடவை மண்டபத்துக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார், சுவரில் ஒரு ஆணி விழக்கூடாது, புதுசாக வெள்ளை அடித்திருக்கிறது என்று. கடைசியில் ஜன்னல் கம்பிக்குக் கம்பி கயிறு கட்டி, தூண்டிலுக்கு வாங்குகிற தங்கூசி நரம்பில் பதினேழு படங்களைத் தொங்கவிட்டோம். ஃபேன் போட்டால் எல்லாப் படமும் ஆடும். போடாவிட்டால் பார்க்க வந்தவர் நிற்கமாட்டார். ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்படி ஆடிக்கொண்டிருந்த படத்துக்கு முன்னால்தான் அவர் வந்து நின்றார். கோட்டாறு பக்கம் ஒரு பட்டறையில் காருக்கு பெயிண்ட் அடிக்கிறவர். வீட்டு விசேஷத்துக்கு மண்டபம் கேட்டு அட்வான்ஸ் கொடுக்க வந்தவர், கண்காட்சிக்கு வந்தவரே இல்லை. நாலடிக்கு மூணடி படம். அடியில் அடர் சிவப்பு, மேலே கனத்த வெள்ளை. நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் குனிந்து, வெளிச்சம் சரிகிற கோணத்தில் பார்த்தார்.

"அடிக் கோட் எண்ணெயா சாரே?"

ஆமாம் என்றேன்.

"மேல தண்ணிப் பெயிண்டா?"

அக்ரிலிக் என்றேன்.

"அடியில உள்ளது காயும் முன்ன மேல உள்ளது காஞ்சிருக்கு. வெடிக்கும், பாத்துக்கிடுங்க."

எனக்குத் தெரியாத விஷயமில்லை. அக்ரிலிக் மேல் எண்ணெய் வண்ணம் போகலாம், எண்ணெய் மேல் அக்ரிலிக் போகக்கூடாது. முதல் வருஷப் பாடம். ஆனால் தேதி நெருங்கிவிட்டது. நம்ம ஊரில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. எண்ணெய் வண்ணத்தில் இருக்கிற ஆளிவிதை எண்ணெய் காய்வதற்குள் பொறுமை காய்ந்துவிடும். (அந்த வெள்ளை, டைட்டானியம் வெள்ளை. மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்பாகக் கிடக்கிற மணலில் இருக்கிற இல்மனைட் மாதிரி தாதுவிலிருந்துதான் அது தயாராகிறது. கறுப்பை இங்கே மிதித்து நடந்துவிட்டு, வெள்ளையைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறேன்.)

எட்டாவது மாசம் வெடித்தது. மூலையில் நகம் அளவுக்கு ஒரு செதில் எழும்பி, அப்புறம் கோடை வயல் மாதிரி நெடுக. விற்காமல் போனது நல்லதாயிற்று. ஆட்டோவில் ஏற்றி அவர் பட்டறைக்கே கொண்டுபோய்க் காட்டினேன். சொன்னேனே என்ற பாவனை ஒன்றும் இல்லை. விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "பட்டி பாத்திரலாமா சாரே?" என்றார்.

*

எழுதச் சொன்னீர்களே, என்னுடையது சின்னக் கதை. ஒரு பல் டாக்டர் போன் செய்தார். சோபாவுக்கு மேலே மாட்ட, நாலடி அகலம், மாடர்ன் ஆர்ட், நீலம் மட்டும் வேண்டாம். போட்டுக் கொடுத்தேன், அந்தப் பணத்தில் மூன்று தவணை கரண்ட் பில் கட்டினேன். வலது ஓரத்தில், ஃப்ரேம் மறைக்கிற இடத்தில், கொஞ்சம் நீலம் இருக்கிறது. அவருக்குத் தெரியாது.

*

நான் வரைகிறவன் இல்லை, தக்கலைக்காரன். வெளியூர் விருந்தாளி வந்தால் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போவது வீட்டில் என் பொறுப்பு. திங்கட்கிழமை பூட்டு என்பதை மறந்து போய்த் திரும்பின கதை தனி. கறுத்து மினுங்குகிற அந்தத் தரையைக் கண்டதும் யாரும் இது என்ன என்று கேட்பதில்லை. "எப்படிப் போட்டாங்க?" என்றுதான் கேட்பார்கள். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு என்று சொல்லச் சொல்லத் தலையாட்டுவார்கள். அதில் உருவமும் இல்லை, கதையும் இல்லை. ஆனாலும் குனிந்து கையால் ஒரு தடவு தடவாமல் நகரமாட்டார்கள்.

போன வருஷம் ஒரு கண்காட்சியில் முழுக்கக் கறுப்புப் பூசின படம் ஒன்று. பழக்க தோஷம், கையை நீட்டிவிட்டேன். "தொடாதீங்க!" என்று ஒரு பையன் கத்தினான். சரி, இதே கறுப்பைப் பூசின துண்டுப் பலகை ஒன்றைப் பக்கத்தில் வைக்கலாமே, ஆசைப்பட்டவர்கள் அதைத் தடவட்டும் என்று ஓவியரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனால் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. நான் சொன்னதில் என்ன தப்பு என்று இன்னும் விளங்கவில்லை.

*

மார்த்தாண்டம் பக்கம் டிராயிங் டீச்சராக இருக்கிறேன். வீட்டுக் கூடத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையிலிருந்து ஒரு படத்தின் அச்சுப்பிரதி மாட்டியிருக்கிறேன். மெட்ராஸ் ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்து, 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினவர். அந்தப் படம் எழுத்து மாதிரி வரிவரியாக ஓடும், ஆனால் எழுத்து இல்லை.

தாத்தா, நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956ல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பே மலையாளம் படித்தவர். முதல் தடவை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றார்.

"மக்ளே, எழுத்து மலையாளம் போலத்தான் இருக்கு. ஒரு வார்த்தை கூட்ட முடியல்லியே. கட்டம் வேற போட்டிருக்கு. யாருக்க ஜாதகம்?"

வாசிக்கிறதுக்கு எழுதினது இல்லை தாத்தா என்றேன்.

"பின்ன எதுக்கு இம்புட்டு மெனக்கெட்டு எழுதினான்?"

எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிற விளக்கம் அவரிடம் எடுபடாது. அதற்கப்புறம் எப்போது வந்தாலும் காப்பி குடிக்கும் முன்னே அங்கேதான் போய் நிற்கிறார். போன பொங்கலுக்கு வந்தபோது, "ஒரு எழுத்து கிட்டிச்சு" என்றார். எது என்று கேட்டேன். சொல்லவில்லை.