மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியை இந்தத் தடவையாவது நம்பலாமா அண்ணாச்சி? (2025 ஆகஸ்ட், புது சீசனுக்கு முன்னாடி பேசினது)

பாளையங்கோட்டைக்காரன்:
மே மாசம் பில்பாவோல நடந்த யூரோப்பா லீக் ஃபைனல்ல டாட்டன்ஹாம்கிட்ட 1-0ன்னு தோத்தப்போ என் மவன் டிவியை அமத்திட்டு, போட்டிருந்த சிவப்புச் சட்டையோடவே சுருண்டு படுத்துட்டான். இங்கிலாந்து பிரீமியர் லீக்ல 15-வது இடம், 38 மேட்ச்ல 44 கோல்தான். இப்போ கோல் அடிக்க கூன்யா, எம்பூமோ, செஸ்கோன்னு மூணு பேரு புதுசா வந்துட்டாங்க. போன சீசன் அதே லீக்ல வேற கிளப்புக்கு ஆடி எம்பூமோ 20, கூன்யா 15 அடிச்சவங்க. மனசு குளுந்துபோச்சு. ஆனா நடுக்களத்துக்கு யாரு? இப்போ அங்க ஆடுற காசெமிரோவுக்கு 33 வயசு.

மேலப்பாளையம் விங்கர்:
எனக்கும் அந்த நடுதான் பயம். கோச் அமோரிமோட 3-4-3ல, அதாவது பின்னால 3, நடுவுல 4, முன்னால 3 பேருன்னு நிக்கிற ஆட்டத்துல, நாலுல ரெண்டு பேரு ஓரத்துக்குப் போயிடுவாங்க; நட்ட நடுவுல ரெண்டே பேரு. வ.உ.சி. மைதானத்துக்குப் பக்கத்துல நாங்க அப்படி ஆடிப் பாத்தோம்; எதிராளில மூணாவது ஒருத்தன் எப்பவும் தனியா நிக்கான். ஓடி ஓடி எனக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கிட்டதுதான் மிச்சம்.

தாழையூத்து தம்பி:
அண்ணாச்சி, அமோரிம் வந்ததே 2024 நவம்பர்ல, பாதி சீசன்ல. பழக்கிவிட நேரம் எங்க இருந்துச்சு? இந்த வருசம் ஐரோப்பியப் போட்டி கிடையாது, வாரம் முழுக்கப் பயிற்சி பண்ணலாம். கோப்பை வேண்டாம், முதல் ஆறுக்குள்ள வந்தாப் போதும். நான் நம்புதேன்.

பாளையங்கோட்டைக்காரன்:
ஆறுன்னா எனக்கும் சம்மதந்தான் தம்பி. 17-ம் தேதி ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணிக்கு ஆர்சனல்கூட முதல் மேட்ச். மவன் அந்தச் சட்டையைத் துவைச்சுக் கொடியில போட்டிருக்கான்.