சீன அமைதிப்படை: சாலை போட்டால் சமாதானம் வந்துவிடுமா?

பட்டர்வொர்த்_குமரன்:
நேற்று ஜோர்ஜ்டவுன் மாமாக் கடையில் நண்பனோடு ஒரே வாக்குவாதம். பாதுகாப்பு மன்றத்தின் ஐந்து நிரந்தர நாடுகளில் ஐநா அமைதிப்படைக்கு அதிகம் ஆள் அனுப்புவது சீனாதான் என்கிறான். கொரியப் போரில் ஐநா கொடிக்கு எதிராகவே சண்டை போட்ட நாடு எப்படி இப்படி மாறியது? எல்லாம் எண்ணெய்க்காகத்தானா?

செந்தூல்_மணி:
நண்பன் சொன்னது சரி. ஆனால் 2024 வாக்கில் நேபாளமும் ருவாண்டாவும் 5,000க்கு மேல் அனுப்பிய இடத்தில் சீனா சுமார் 2,000 பேர்தான், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆரம்பம் 1990, வெறும் ஐந்து பார்வையாளர்கள். 1992இல் கம்போடியாவுக்கு 400 பேர் போனார்கள், அவர்களும் சாலையும் பாலமும் சரி செய்யப் போன பொறியாளர் படை. முழு காலாட்படைப் பட்டாளம் போனது 2015இல்தான், தென் சூடானுக்கு, 700 பேர். அங்கே சீன எண்ணெய்க் கம்பெனி இருக்கிறது, அதை மறைக்க முடியாது. ஆனால் லெபனானுக்கும் ஆள் அனுப்பினார்களே, அங்கே என்ன எண்ணெய்? எனக்குத் தெரிந்து பெரிய காரணம் பேர் வாங்குவதும், பல பத்தாண்டுகளாக வெளிநாட்டுப் போர் பார்க்காத ராணுவத்துக்கு அனுபவம் கிடைப்பதும். 2016இல் மாலியில் ஒருவர், தென் சூடான் தலைநகர் ஜூபாவில் இருவர் என்று உயிரும் கொடுத்திருக்கிறார்கள், அதனால் சும்மா நாடகம் என்றும் தள்ளிவிட முடியாது.

அப்புறம் தைவான் என்று வந்தால் கணக்கே வேறு. 1999இல் மாசிடோனியா தைவானை அங்கீகரித்ததும், அங்கிருந்த ஐநா படையை நீட்டிக்க விடாமல் வீட்டோ போட்டார்கள்.

பழைய_சிப்பாய்:
தம்பி குமரன், நான் லெபனானில் மலேசியப் பட்டாளத்தோடு இருந்தவன். அங்கே சீனர்களுக்குக் கண்ணிவெடி அகற்றுவது, கட்டுமானம், மருத்துவமனை, இதுதான் வேலை. சுத்தமான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் முகாமை விட்டு வெளியே வந்து ஊர்ப் பெரியவர்களோடு காபி குடித்துக்கொண்டு பேசுவது குறைவு. நாங்கள் தொழுகைக்குப் போகும் இடத்திலேயே பாதிச் செய்தி கிடைத்துவிடும். அவர்கள் கணக்கு எளிது: முதலில் சாலை, கரண்ட், வேலை, வயிறு நிறைந்தால் சண்டை தானாகக் குறையும். தேர்தல், நீதிமன்றம், மனித உரிமை எல்லாம் அந்த ஊர் அரசாங்கத்தின் பாடு.

பிரிக்பீல்ட்ஸ்_கலா:
ஐயா சொன்ன கடைசி வரிதான் எனக்கு உறுத்துகிறது. சண்டை போடும் இரண்டு பேரில் ஒருவர் அரசாங்கமே என்றால்? நம்ம ஆளுங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012இல் ஜெனிவாவில் ஐநா மனித உரிமை மன்றத்தில் இலங்கை மீதான தீர்மானம் 24க்கு 15 என்று நிறைவேறியபோது சீனா எதிர்த்து வாக்களித்தது. (மலேசியா வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றதையும் மறக்கவில்லை.) மியன்மாரில் இன்னும் வெளிப்படை. போராளிகள் 2024இல் பிடித்த லாஷியோ நகரம் 2025 ஏப்ரலில் ராணுவத்திடமே திரும்பிப் போனது, சீன அதிகாரிகள் கூடவே நின்று மேற்பார்வை பார்த்தார்கள். துப்பாக்கி ஓய்ந்தது உண்மை. எல்லை வியாபாரம் நடக்க அது போதும். அந்த ஊர் மக்களிடம் யார் கேட்டார்கள்?

செந்தூல்_மணி:
கலா அக்கா, லாஷியோ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஆனால் அது நீலத் தொப்பி போட்ட ஐநா அமைதிப்படை இல்லை, சீனா தன் எல்லைக்காகத் தனியாகச் செய்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_கலா:
தொப்பி வேறு, தலை ஒன்றுதானே தம்பி.

பட்டர்வொர்த்_குமரன்:
அப்படியே நண்பனுக்கு அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. ஐயா, அந்த லெபனான் கதையைத் தனி இழையாக எழுதுங்களேன்.